திருப்பிப் போட்ட கையுறை

பூப்பண்ணையின் ஸ்டோர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அக்காக்காரி பன்னிரண்டு ஜோடி ரப்பர் கையுறைகளையும் உள்வெளியாகத் திருப்பினாள். பூச்சிமருந்து ஊறிப் பழுப்பேறிய பக்கம் உள்ளே போனது. வெள்ளை வெளேரென்ற பக்கம் வெளியே வந்தது. இடக்கை வலக்கையானது, அவ்வளவுதான். மேனேஜரின் அபார யோசனை அது. "கையுறையெல்லாம் சரியா இருக்கான்னு பாக்க இன்ஸ்பெக்டரம்மா இன்னைக்கே வர்றாங்க. ரெண்டு மணி நேரந்தானே, ஒண்ணும் ஆயிடாது," என்றிருந்தார். ஸ்டோர் அவள் பொறுப்பு. மாட்டினால் வேலை போவது அவளுக்குத்தான். திருப்பும்போது அவள் தன் கைகளில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டாள். விவரம் கெட்டவள் இல்லை.

அவளுடைய தங்கச்சியும் அங்கே மருந்தடிக்கிறாள். அவளுக்கு மட்டும் நிஜமாகவே புதிதாய் ஒரு ஜோடியை டிராயரில் ஒளித்து வைத்திருந்தாள். ஊருக்கு ஒரு நியாயம், தன் ரத்தத்துக்கு ஒரு நியாயம். இன்ஸ்பெக்டரம்மா வந்ததும் வராததுமாக டிராயரைத் திறந்தார்.

"இது சாம்பிளுக்கு," என்று அந்த ஜோடியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தங்கச்சி குவியலிலிருந்து ஒன்றை எடுத்தாள். "பளபளன்னு இருக்கேக்கா! எல்லாருக்கும் புதுசா?"

மேனேஜர் அக்காக்காரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ம்... போட்டுக்கோ," என்றாள்.

மருந்தடிக்கப் போன கண்ணாடிக் கூடாரத்துக்குள் நல்ல புழுக்கம். வியர்வையில் கையுறைக்குள் கை நனைந்து ஊறியது. ஒரு மணி நேரத்துக்கெல்லாம் தங்கச்சி தள்ளாடிக்கொண்டு வந்து வாசலில் விழுந்தாள். வாயில் எச்சில் வழிந்தது. கெண்டைக்கால் சதை தானாகத் துடித்தது.

"கை எரியுதுக்கா, கழட்டி விடுக்கா."

அக்காக்காரி பக்கத்தில் உட்கார்ந்து கையுறையின் விளிம்பைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். இழுத்தால் உள்வெளியாக உரிந்துதான் வரும். உரித்தால் பழுப்புப் பக்கம் எல்லார் கண்ணெதிரிலும் வெளியே வரும்.

"கையுறையைக் கழட்டிக் கையைக் கழுவலாமே?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"கையில ஒண்ணும் இல்ல மேடம். நீங்கதான் பாத்தீங்களே, புதுக் கையுறை. மூச்சு வழியா ஏறியிருக்கும். மூஞ்சியக் கழுவினா போதும்," என்றாள் அக்காக்காரி.

அவர் நம்பினார். தன் கண்ணால் பார்த்தது அல்லவா! தண்ணீர் கொண்டு வந்து முகத்தைக் கழுவிவிட்டார். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

அந்த இருபது நிமிடமும் தங்கச்சி கையுறையைப் பல்லால் கடித்து இழுக்கப் பார்த்தாள். அக்காக்காரி அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிடியை மட்டும் தளர்த்தவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கூடப் பொறந்தவங்கன்னா இப்படி இருக்கணும்," என்றார் மேனேஜரிடம். "கையை விடவே மாட்டேங்கறாங்க பாருங்க."