இடப்பக்கம் இழுக்கும் ஸ்டியரிங்

1

இந்தக் கதை எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. என் ஃப்ரேமை நிமிர்த்திக்கொண்டே கடைக்காரப் பெண் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். முடிக்கும் முன்பே நிறுத்திவிட்டாள். மீதியை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் ஆம்புலன்ஸ்

இல்லை. அன்று நல்ல வெயில். (பேய்க்கதை என்றாலே கை தானாக மழையைத் தேடுகிறது.)

அண்ணன் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ஒரு வலப்பக்க வளைவில் வண்டி சாலையை விட்டு இறங்கி மரத்தில் மோதியது. பக்கத்தில் இருந்த நர்ஸ் இறந்துபோனாள். "அவதான் ஸ்டியரிங்க புடிச்சு இடப்பக்கம் இழுத்தா" என்று எல்லோரிடமும் சொன்னான். செத்தவள்மேல் பழி போடுகிறானே என்றார்கள். தங்கையும் அப்படித்தான் நினைத்தாள், வாய்விட்டுச் சொல்லவில்லை. அதன்பின் அவன் வண்டியைத் தொடவே இல்லை.

3

கம்ப்யூட்டர் கார் விளையாட்டிலாவது ஓட்டட்டும் என்று, அதற்கான ஸ்டியரிங் வாங்கத் தங்கை கடைக்குப் போனாள். ஒரு ஸ்டியரிங் சும்மா சுற்றியது. இன்னொன்றில் மோட்டார் இருந்தது. சாலையின் மேடுபள்ளத்தைக் கையில் உணர்த்தும். அதையே எடுத்தாள். (இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். பயந்து கிடப்பவனுக்கு மோட்டார் எதற்கு? கேட்டேன். "பொம்மைய குடுத்தா அவனுக்கு அவமானமா இருக்கும்ங்க.")

சாப்பாட்டு மேசை விளிம்பில் அதைத் திருகி இறுக்கினார்கள். பெடல் வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் விரித்தார்கள். சுவிட்சைப் போட்டதும் யாரும் தொடாமலே ஸ்டியரிங் இடமும் வலமும் சுற்றி நடுவில் நின்றது. தங்கை பின்வாங்கினாள்.

"பயப்படாத. நடு எதுன்னு அதுவே பாத்துக்குது. இந்த மாதிரி ஸ்டியரிங் எல்லாமே இப்படித்தான்" என்றான் அண்ணன்.

4

நேர்ச்சாலையில் அருமையாக ஓட்டினான். வலப்பக்க வளைவு வந்ததும் கார் இடப்பக்கச் சுவரில் மோதியது. மறுபடியும் அதேதான்.

"இழுக்குது."

"மோட்டார் இழுப்பு அதிகமா இருக்கும்ணா."

குறைத்தாள். பூஜ்யத்தில் வைத்தாள். கடைசியில் மோட்டாருக்குப் போகும் வயரையே பிடுங்கினாள். அப்போதும் இழுத்தது.

"நகரு, நான் பாக்குறேன்."

உட்கார்ந்து வலப்பக்கம் திருப்பினாள். உடனே ஒரு விசை, ஒரு நடுக்கம், ஏதோ ஒன்று

[மூன்றையும் அடித்துவிட்டேன். அவள் சொன்னதையே வைக்கிறேன்.]

"கைமேல கை இருந்துச்சுங்க. வெதுவெதுப்பா."

பின்னாலிருந்து அண்ணன் கேட்டான்: "இப்பவாவது நம்புறியா?"

நம்பினாள். ஆனால் அந்தக் கை பதறி இழுத்தது. எதன் மீதோ ஏற்றிவிடக் கூடாதென்று ஒதுக்குவது போல.

"அண்ணா, அன்னைக்கு எதிர்ல என்ன நின்னுச்சு?"

அவள் பிடியைத் தளர்த்தி, ஸ்டியரிங்கை அந்தக் கையிடமே விட்டாள். கார் இடப்பக்கம் ஒதுங்கியது. மறைவு விலகி வளைவு முழுதும் தெரிந்தது. அங்கே சாலை நடுவில்

அண்ணன் பாய்ந்து திரையை உடம்பால் மறைத்தான்.

5

ஒரு மாடு என்று எழுதிப் பார்த்தேன். அழித்தேன். ஒரு குழந்தை என்று எழுதி, திரும்ப ஒருமுறைகூடப் படிக்காமல் அழித்தேன். இதற்குமேல் எழுத மாட்டேன். அவன் இன்னும் திரையை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறான். அவனை விலகச் சொல்வதா என்பது உங்கள் பாடு.