தாழைவிளைக் கல்லில் இல்லாத பெயர்

ஆடி மாதத்து மழையில் நெய்யாற்றங்கரையோடு ஊர் ஊராக நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டவர், ஒரு நாளாவது அந்தச் சேற்றில் கால் வைத்திருக்க வேண்டும். அவர் திருவனந்தபுரத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கக்கத்தில் குடையும் ஃபைலுமாக வரப்பில் வழுக்கிக்கொண்டிருந்தேன்.

1951ஆம் வருஷம் அது. யுத்தம் முடிந்து ஆறு வருஷமாகியிருந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் செத்துப்போன சிப்பாய்களுக்கு அவரவர் ஊரில் ஒரு கல் நடுவதென்று தீர்மானித்திருந்தார்கள். முதல் யுத்தத்துக்கு நட்ட கற்கள் சில ஊர்களில் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று எண்ணிக்கை மட்டும்தான். இந்தத் தடவை பெயர்களே இருக்க வேண்டும் என்றார்கள். பட்டாளத்து ஜாபிதாவோடு வீடு வீடாகப் போய் விசாரித்து, பெயர் சரிதான் என்று கைநாட்டு வாங்கி வருவது என் வேலை. பூதலிங்கம் தப்பு விடமாட்டான் என்று ஆபீசில் எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

தாழைவிளை ஆற்றுக்கும் சதுப்புக்கும் நடுவே ஒதுங்கிக் கிடந்த ஊர். ஒரு பக்கம் தாழம்புதர், மறுபக்கம் கயிற்று நாருக்காகத் தேங்காய்த் தொண்டு அழுக வைத்த குட்டைகள். அந்த நாற்றம் சட்டையில் ஏறினால் இரண்டு நாள் போகாது. காலில் அட்டை வேறு. வெயில் முகமே தெரியாத ஒரு பகலில், 'சிப்பாய் ஞானையன், பர்மாவில் மரணம், 1944' என்ற வரியை எடுத்துக்கொண்டு தாசம்மாள் என்ற விதவையின் வீட்டுக்குப் போனேன். சாவைப் பற்றிப் பேசப் போகிறோமே என்று முகத்தை நீளமாக வைத்துக்கொண்டுதான் போனேன்.

அவள் சிரித்துவிட்டாள்.

"இதென்ன கூத்து சாறே! எனக்க மவன் சாவல்ல. லேய் ஞானையா, இஞ்ச வாலே!"

குட்டையிலிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் இடுப்பளவு சேற்றோடு ஏறி வந்தான். தலையில் துண்டு கட்டியிருந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இவந்தான் ஒங்க தாளுல செத்தவன். வேணும்னா தொட்டுப் பாத்துக்கிடுங்க. பட்டாளத்துக்குப் போனது எளையவனாக்கும், யோசுவா. ஒரே ஒரு கடுதாசி போட்டான். பின்ன வெவரம் ஒண்ணும் இல்ல. அதுக்குள்ள ஞானையன் செத்துப்போனான்னு தந்தி வந்துது. இவனக் கொண்டு தபால்காரனுக்க முன்னால நிறுத்தி, 'இவனா வே செத்தது'ன்னு கேட்டேன். மனுசன் வாய தொறக்கல்ல."

மகனை உயிரோடு வைத்ததற்காக அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒரு சேவலை ஸ்தோத்திரக் காணிக்கை வைத்ததையும் சொன்னாள். காணிக்கைச் சேவலை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது அங்கே வழக்கம். ஏலத்தில் எடுத்தவர் கறி வைத்து, நல்ல காரியமாயிற்றே என்று இவர்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினாராம்.

"யோசுவாவும் ஒருநாளு வருவான் சாறே. அண்ணைக்கு ரெண்டு சேவல் வைப்பேன்."

நான் உற்சாகமாகிவிட்டேன். ஏழு வருஷமாக யாரும் கண்டுபிடிக்காத பிழை என் கையில் வந்து சிக்கியிருக்கிறது. அங்கேயே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். 'ஆள் உயிருடன் இருக்கிறார், நேரில் கண்டேன்' என்று எழுதினேன். தாசம்மாள் பெருவிரலை மையில் அமுக்கிச் சந்தோஷமாகக் கைநாட்டு வைத்தாள்.

கடத்து வள்ளம் வரைக்கும் வழிகாட்ட அவனே வந்தான். சதுப்பின் நடுவே ஆள் போகும் தடம் ஒன்றுதான் உண்டு. அவன் முன்னால், நான் பின்னால். பாதி வழியில் திரும்பாமலே சொன்னான்.

"சாறே, செத்தது எனக்க தம்பியாக்கும்."

நான் நின்றேன்.

"ஆளெடுக்க வந்தப்ப, போறேன்னு சொன்னது நாந்தான். பின்ன சாவுக்குப் பேடிச்சுப் போனேன். அவனுக்குப் பதினாறு வயசு. 'ஒனக்க ஞானஸ்நான சர்ட்டிபிக்கட்டத் தா அண்ணே, ஒனக்குப் பதிலு நான் போறேன்'னான். குடுத்தேன். எனக்க பேருலதான் சேந்தான். அம்மைக்கு இது தெரியாது. அவனுக்குக் கடுதாசி போடும்போ கவருல நான் எனக்க பேரத்தான் எழுதினேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தந்தி வந்த அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே வே!"

"அம்மை என்னக் கெட்டிப் புடிச்சிட்டுச் சிரிச்சா சாறே. அப்பிடி அவ சிரிச்சு நான் கண்டதில்ல. நாளைக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். பின்ன சேவல் வச்சாச்சு. அந்தக் கறிய எனக்குத்தான் வெளம்பித் தந்தா." முன்னால் நாலு அடி நடந்தான். "தின்னேன்" என்றான்.

மழை மறுபடியும் பிடித்தது. குடையை விரிக்கக்கூடத் தோன்றவில்லை. திரும்பிப் போய் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அரைமைல் தூரம்தான். சொன்னால் அந்தத் தாய் தாங்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவனைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் கைநாட்டோடு நான் செய்த திருத்தம் தப்பு என்று ஆபீசில் போய் நிற்க எனக்கு மனசில்லை. அதுதான் பெரிய காரணம். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஞானையன் கரையில் நின்றுகொண்டே இருந்தான்.

தை மாதம் கல் நட்டார்கள். ஆற்றுக்கடவுப் பக்கம், வெள்ளம் ஏறாத ஒரு மேட்டில். நானும் போக வேண்டியிருந்தது. தாசம்மாள் வெள்ளைச் சேலை உடுத்தி வந்து கல்லை மேலிருந்து கீழே தடவினாள். எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"எனக்க வீட்டுல உள்ளவனுக்க பேரு ஒண்ணும் இல்லல்லா?"

"இல்லம்மா."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு லேசா ஒரு தப்பத் தீத்துத் தந்தியளே சாறே. யோசுவா எங்க இருக்கான்னும் பட்டாளத்துக்கு ஒரு மனு எழுதிக் கேளுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ஞானையன் அவளுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தான். கும்பிடுவது போலவும் இருந்தது, அறைவது போலவும் இருந்தது. மனு எழுதினேன். தாழைவிளை யோசுவா, 1942இல் சேர்ந்தவன், இப்போது எங்கே? பதில் என்ன வரும் என்று தெரிந்தே எழுதினேன். என்ன மனுஷன் நான்!

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அப்படி ஒரு பெயரில், அந்த ஊரிலிருந்து, ஒருவரும் எக்காலத்திலும் பட்டாளத்தில் சேரவில்லை. இந்தத் தடவை சொல்லியே தீருவேன் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். காகிதத்தை வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்து, "அதாவது தாயி..." என்று தொடங்கினேன்.

"அப்பம் எனக்க பிள்ள சண்டைக்கே போவல்ல!" என்று கத்தினாள் அவள். "கேட்டியா லே ஞானையா, அவன் சண்டைக்கே போவல்ல! பொய்யிக்கு ஒரு கடுதாசியப் போட்டுட்டு எங்கயோ போயிருக்கான், கள்ளன்!"

அழுதாள், சிரித்தாள். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ஏழெட்டு வருஷமாக இறுகிக் கிடந்த முகம் அவிழ்ந்து போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை. ஞானையனும் சொல்ல வாய் திறந்தான். அவனாலும் முடியவில்லை.

எங்கே போயிருப்பான் என்று அவளே யோசித்துக் கண்டுபிடித்தாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தமிழாட்கள் நிறைய உண்டு, அங்கேதான் இருப்பான் என்று தீர்மானித்துவிட்டாள். முதல் தடவை ஞானையனைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் தேடிவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு என்னைத் தேடி வந்து, சர்க்கார் ஆள் கூட இருந்தால் தோட்டத்துக்குள்ளே விடுவார்கள் என்றாள். லீவு போட்டுவிட்டு அவர்கள் இருவரோடும் போனேன். மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பஸ் விட்ட இடத்திலிருந்து ஆற்றோரமாகவே காட்டு வழி ஏறியது. தாசம்மாள் எங்கள் இருவரையும் விட வேகமாக நடந்தாள். மேலே போய்ச் சேர்ந்தபோது மலை முழுக்க மஞ்சு மூடியிருந்தது. கொழுந்து நிறுக்கிற கொட்டகையின் முன்னால் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். அவள் ஞானையனின் தலைத்துண்டை உருவிவிட்டு, அவனை அந்த வரிசைக்கு முன்னால் கொண்டு நிறுத்தினாள்.

"பிள்ளையளே, நல்லா பாருங்க. இவன மாதிரியேதான் இருப்பான். கொஞ்சம் எளசு, அவ்வளவுதான். யோசுவான்னு பேரு."

பெண்கள் குனிந்து குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். "எங்கயோ பாத்த மொகமாத்தான் இருக்கு ஆத்தா" என்றாள் பாவம், ஆறுதலுக்கு.

ஞானையனின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் இறங்கியது. தாசம்மாள் அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"அழாதே லே. அழுதா மொகம் மாறிப்போவும். பின்ன அவியளுக்கு அவன அடையாளம் தெரியாது."