செபம் முடியலையே

பந்து வந்துகொண்டிருக்கிறது, செம்மண் புழுதியை லேசாகக் கிளப்பிக்கொண்டு, எனக்கென்ன அவசரம் என்கிற மாதிரி உருண்டு உருண்டு வருகிறது, குற்றாலிங்கம் பார்த்துக்கொண்டே நிற்கிறார், நிற்கிறான், அறுபதைத் தாண்டியவர், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினால் போதும், பதினைந்து வயதுப் பையனாகி இரண்டு கோல் கம்பங்களுக்கு நடுவில் கைகூப்பி நின்றுவிடுகிறார், அடப் பாவி, ஓர் எட்டு எடுத்து வையேன், கையை நீட்டினால் எட்டுமே என்று அவரே அவனைப் பார்த்துக் கத்துகிறார், அவன் கேட்டால்தானே, சில நாள் அந்தப் பந்து மைதானத்தில் வருவதில்லை, அப்பாவின் பாத்திரக்கடைக்குள் வருகிறது, அடுக்கி வைத்த குடங்களைத் தட்டிவிட்டு, தட்டுகளைச் சரித்துவிட்டு, ஆனால் சத்தம் மட்டும் கேட்கவே கேட்காது, அதுதான் ஆச்சரியம், அந்தக் கடையில் சத்தமில்லாத நிமிஷம் என்று ஒன்று இருந்ததே கிடையாது.

கடைக்கு மேல்மாடியில்தான் வீடு, விடிந்தால் எவர்சில்வர் சத்தம், பேர் வெட்டுகிற உளிச் சத்தம், அதற்கெல்லாம் மேலே அப்பா சிவனணைஞ்ச பெருமாளின் தொண்டை, இதையெல்லாம் கேட்டு வளர்ந்த காதோடுதான் அவன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான், சாமியார் பள்ளிக்கூடம் என்றுதான் ஊரில் அதற்குப் பேர், வாசல் வளைவில் கொட்டை எழுத்தில் இருக்கிற புனிதரின் பெயரை யாரும் சொல்வதில்லை. முதல் நாள், தண்ணீர்க் குழாயைப் பார்த்து ஓடுகிறான், பள்ளிக்கூடத்தை ஒட்டிய மாதா கோயில் மணி அடிக்கிறது, திரும்பிப் பார்த்தால் மொத்தப் பள்ளிக்கூடமும் நின்ற இடத்தில் நிற்கிறது, பிரம்பை ஓங்கிய கணக்கு வாத்தியார் கையை இறக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார், அடிக்கு நீட்டிய கையை மடக்க மறந்து பையனும் நிற்கிறான், மரத்தடியில் கூச்சல் இல்லை, விடுதிச் சமையல்கட்டில் கரண்டிச் சத்தம்கூட இல்லை, இவன் ஒருத்தன் காலடி மட்டும் தடதடவென்று இவனுக்கே கேட்டது, வெட்கமாய்ப் போய்விட்டது. என்னடே இது என்று பக்கத்தில் நின்ற பெர்க்மான்ஸைக் கேட்டான், அவன் வாயை அசைத்து முடித்துச் சிலுவை போட்ட பிறகுதான் பதில் சொன்னான், திரிகால செபம்ல, காலையில, மத்தியானம், சாயங்காலம் மணி அடிச்சா மாதாவுக்குச் சொல்லுவோம், நீ சொல்ல வேண்டாம், உங்க ஆளுங்களுக்குக் கிடையாது. சொல்ல வேண்டாம், சரி, நிற்கவும் வேண்டாமா, அதை யாரும் சொல்லவில்லை, மறுநாள் நின்று பார்த்தான், எத்தனை நூறு பையன்கள், ஒரு பொட்டுச் சத்தம் இல்லை, அடடா, அப்படி ஓர் அமைதி உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது, அப்புறம் ஒரு நாளும் அவன் அதை விட்டதில்லை.

அங்கே தலைமை ஆசிரியர் ஃபாதர் ஞானாதிக்கம், வெள்ளை அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வாயில் விசிலோடு, பையன்களுக்குச் சமமாக ஓடிக் கால்பந்து பழக்குகிறவர், கோபம் வந்தால் மைதானமே நடுங்கும், ஆள் மாறி ஒருத்தனை அடித்துவிட்டதற்கு மறுநாள் அசெம்பிளியில் அவனை மேடைக்குக் கூப்பிட்டு, தம்பி, என்னை மன்னிச்சிருப்பா என்று கேட்டவரும் அவர்தான், அப்படி ஒரு மனுஷரை நாற்காலியில் சாய்ந்திருக்கிற இவர் அதற்கப்புறம் எங்கே பார்த்தார். குற்றாலிங்கத்தின் கையைப் பிடித்துப் பார்த்து, எலே, இது உள்ளங்கையா முறமா, கோலுக்குப் போ என்றது அவர்தான். பத்தாவதோடு படிப்புப் போதும், பையன் கடைக்கு வரணும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றபோது, கடை வாசலுக்கே வந்து நின்றதும் அவர்தான். அண்ணாச்சி, நல்லாப் படிக்கான், மேல விடுங்க. சாமி, இருக்கிறது ஒத்தப் பையன், கடையை யாரு பாத்துக்கிடுவா? அண்ணாச்சி யோசிச்சுச் சொல்லுங்க. யோசிக்க என்ன இருக்கு சாமி, உங்க மாவட்டக் கோப்பையை இந்த வருசம் ஜெயிச்சுக் காட்டச் சொல்லுங்க, படிக்கட்டும், தோத்தா பரீட்சை முடிஞ்ச மறுநாள் பையன் கடையில நிக்கணும். அப்பா வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார், சொல்லி முடித்தபோது அது வாக்காகிவிட்டது, ஃபாதரும் சரி என்று கையைக் கொடுத்துவிட்டார்.

இறுதி ஆட்டம் சாமியார் பள்ளிக்கூட மைதானத்தில்தான், காலையிலேயே முடிந்திருக்க வேண்டியது, சிறப்பு விருந்தினர் என்றைக்கு நேரத்துக்கு வந்தார், வெயில் நன்றாக ஏறினபிறகுதான் மாலையும் கையுமாக வந்து சேர்ந்தார், ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது, இரண்டு பக்கமும் கோல் இல்லை, அப்பா அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்து கயிற்றோரம் நிற்கிறார், முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, அப்போது கோயிலில் மத்தியான மணி அடிக்கிறது. பெர்க்மான்ஸ் நின்றான், வலது ஓரத்தில் ஆடுகிற மைதீன் நின்றான், சாமியார் பள்ளிக்கூடத்துப் பையன் பதினொரு பேரும் நின்றார்கள், கயிற்றோரம் ஃபாதர் கண்ணை மூடி நின்றார், எதிர் அணிப் பையனுக்கு இதெல்லாம் என்ன தெரியும், பாவம், இவ்வளவு பேரும் நமக்கு வழி விடுகிறார்களே என்று ஒரு நிமிஷம் திகைத்தான், அப்புறம் காலால் மெல்லத் தள்ளினான், பந்து வருகிறது, குற்றாலிங்கம் பார்க்கிறான், கோட்டைத் தாண்டி உள்ளே போகிறது, பார்க்கிறான். மணி ஓய்ந்ததும் எழுந்தது பாருங்கள் கூச்சல், நடுவர் ஓடி வந்தார், சாமி, உங்க மணியால வந்த குழப்பம், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்தக் கோலைக் கணக்கில எடுக்கல. ஃபாதர் கயிற்றோரம் நின்ற அப்பாவைப் பார்த்தார், குற்றாலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாதா, நீங்க விசில் ஊதலியே சார், பந்து உள்ள போயிருச்சு, கோல்தான் என்றார். தோற்றுப்போனார்கள்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார், சாமி, வாக்கு வாக்குதான். ஆமா அண்ணாச்சி, தோத்துட்டோம், இன்னைக்கு மட்டும் மணி அடிக்க வேண்டாம்னு நான் சொல்லியிருக்கணும், தோணல, தப்பு என்னோடது, பையனை ஏசாதீங்க. ஏசாம பின்னே கொஞ்சவா சொல்லுதீய, உங்க பிள்ளைக நின்னாவ, சரி, இவன் எதுக்கு நின்னான், எங்க வீட்டுப் பூசையில ஒரு நாளாவது ஆடாம நின்னிருப்பானா? நான் அவனை நிக்கச் சொன்னதே இல்ல அண்ணாச்சி, என்ற ஃபாதர் அவன் பக்கம் திரும்பினார், கண்ணை மூடியிருந்தியால? இல்ல ஃபாதர். பந்து வந்தது தெரிஞ்சுதா? தெரிஞ்சுது ஃபாதர். பிறகு ஏன்டே பிடிக்கல? அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, படிப்பு போயிற்று, கோப்பை போயிற்று, எல்லாம் போயிற்று, செபம் முடியலையே ஃபாதர், என்றான். ஃபாதர் கையை அவன் தலையில் வைத்தார். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், பெருமூச்சு விட்டார், சரிதான், கண்ணு முன்னால சரக்கு போவுது, கையை நீட்டாம நிக்கான், இவன் யாவாரத்துக்கு ஆக மாட்டான் சாமி, படிக்கட்டும், நீங்களே வச்சுக்கிடுங்க.