பூசணி கதவைத் தட்டுகிறாள்

எனக்கு ஏமாற்றுக்காரர்களைக் கண்டால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை நான் ஏன் அடைக்கப் பார்த்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

சீனாவின் லான்சோ நகரில் எங்கள் பல்கலைக்கழகத்தின் கணினி அறையில் என்னோடு வேலை பார்க்கும் தாங் பெய்யும் நானும் ஒரு டிராக்கரைப் பார்த்துக்கொள்கிறோம். மாணவர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் சர்வர் அது. அதில் ஒரு கோப்புகூடக் கிடையாது. கல்யாணத் தரகரிடம் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை, யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற விவரம் மட்டும்தானே இருக்கிறது? அதே கதைதான். எந்தக் கோப்பு யாருடைய கணினியில் இருக்கிறது என்று கேட்கிறவருக்குச் சொல்லும், அதன் பிறகு அவர்கள் பாடு. தானாகப் போய் யாரையும் கூப்பிடாது. உறுப்பினர்களின் கணினிகள்தான் அவ்வப்போது வந்து கதவைத் தட்டி, நான் இருக்கிறேன், என்னிடம் இன்னது இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

எடுத்துக்கொண்டதும் கம்பி நீட்டுகிறவர்களுக்கு இங்கே மதிப்பில்லை. எடுத்ததைப் பிறருக்குக் கொடுத்தபடி கணினியை ஓடவிடுவதற்கு எங்கள் பேச்சில் விதை காப்பது என்று பெயர். ஒரு கோப்பைக் கடைசி ஆளாகக் காத்து நிற்கிறவருக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் யாரும் யாருடைய உண்மைப் பெயரையும் கேட்பதில்லை. கேட்டால் அநாகரிகம். தாங்குக்கே நான் வெகுகாலம் 'கோபக்கார முள்ளங்கி'யாகத்தான் இருந்தேன். இந்த அறையில் வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் என் பெயர் நிங் ஷூ என்று அவருக்குத் தெரிந்தது.

குளிர்கால விடுமுறையில் பழைய சர்வரை மூட்டை கட்டிவிட்டுப் புதியதை நிறுவினோம். அமைப்புகளை எல்லாம் எழுதியது நான். ஓராண்டாக வலைத்தளத்துக்குள் நுழையாதவர்களின் கணக்கு தானாக நீங்கிவிட வேண்டும், அவர்களுடைய கணினி வந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அது மறுபடி தட்டலாம் என்று எழுதினேன். ஆள் உள்ளே வராவிட்டாலும் அவருடைய கணினி தவறாமல் வந்து தட்டிக்கொண்டிருக்கலாமே என்று தாங் இழுத்தார். செத்த கணக்குகளைச் சுமக்க இது என்ன சத்திரமா என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டேன்.

ஏப்ரல் தொடக்கம், இறந்தவர்களுக்குப் படைக்கும் சிங்மிங் நாளுக்கு முந்தின நாள். மறுநாள் ஊரே கல்லறைகளுக்குப் போகும் என்பதால் கட்டடம் காலியாக இருந்தது. மதிய நூடுல்ஸை முடித்துவிட்டு, திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கணினியின் முகவரி மட்டும் இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் பிசகாமல் வந்து தட்டியிருந்தது. கணக்கின் பெயர் 'வெயில் காயும் பூசணி'. எத்தனை தரம் விரட்டினாலும் வருகிறது பார், ஓசியில் எடுக்க நுழையப் பார்க்கிற ஏமாற்றுப் பேர்வழி, சூடு சொரணை இல்லாத ஜென்மம் என்று முணுமுணுத்தபடி, அந்த முகவரியை அடியோடு அடைக்கும் வரியை எழுதத் தொடங்கினேன்.

அப்போது மேசைத் தொலைபேசி அடித்தது.

"கம்ப்யூட்டர் ரூமாம்மா? பெட்டியில லைட்டு மினுக்க மாட்டேங்குது."

வயதில் மூத்த பெண்குரல், திங்ஷி ஊர்ப் பக்கத்துப் பேச்சு. வீட்டுச் சாமான்களை நாங்கள் பழுது பார்ப்பதில்லை, வாங்கின கடையில் போய்க் கேளுங்கள் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் வைக்கவில்லை. பெட்டிமேல் மகள் ஒட்டியிருக்கும் சீட்டில் இந்த எண்தான் இருக்கிறதாம். என்னதான் எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றேன்.

"'அம்மா, இதை அணைச்சுடாதே. ஆளுங்க இதை நம்பி இருக்காங்க. ஏதாவது ஆனா இந்த நம்பருக்குக் கூப்பிடு.' அவ்வளவுதான். கீழே வெயில் காயும் பூசணின்னு போட்டிருக்கு. அது என்னன்னு எனக்குத் தெரியலை."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மகளிடம் கொஞ்சம் கொடுங்கள், பேசுகிறேன் என்றேன்.

"அவ போயிட்டாம்மா. ரெண்டு வருஷமாச்சு. மலையில கல்லு பாக்கப் போன எடத்துல மண்ணு சரிஞ்சுடுச்சு."

தாங்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டேன். மகள் விட்டுப்போன அந்தக் கணினிப் பெட்டி என்ன செய்கிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. மகள் அணைக்காதே என்றாள், அவர் அணைக்கவில்லை. கரண்டு பில்லைக் காட்டிக் கொழுந்தனார் குதித்தபோதும் அணைக்கவில்லை. சமையலறைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தச் சின்ன விளக்கு மினுக்குவதைப் பார்ப்பாராம். போன சிங்மிங்கில் மகளின் கல்லறையில் வழக்கப்படி காகிதப் பணம் எரித்துவிட்டு, உன் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். புத்தாண்டுக்குப் பிறகு விளக்கு மினுக்கவே இல்லை.

"நாளைக்கு அவகிட்டப் போகணும். கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு தாயி. அணைச்சுட்டு, அதையாவது நெசமா சொல்லிட்டு வர்றேன்."

பெட்டி கெடவில்லை. கதவை அடைத்தது நான்தான். புத்தாண்டிலிருந்து அது வந்து வந்து தட்டியிருக்கிறது, நான் எழுதின விதி ஒவ்வொரு தரமும் அதைப் போ போ என்று விரட்டியிருக்கிறது. செத்த கணக்கு என்று வேறு சொன்னேனே, என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கும்மா. நான்தான் தெரியாம அதைத் தடுத்து வச்சுட்டேன்."

"படிச்ச புள்ளைங்க நீங்க. தடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

எழுதத் தொடங்கியிருந்த அடைப்பு வரியை அழித்தேன்.

பூசணியை எனக்குத் தெரியும், குரலாக மட்டும்; திரையில் பெயரைப் பார்த்தபோது நினைவுக்கு வரவில்லை. மண்ணியல் மாணவி. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காக ஒவ்வொரு கல்லைப் பற்றியும் ஊர்ப்பேச்சில் கிண்டலாகப் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தாள். சுண்ணாம்புக் கல் எங்கள் சித்தப்பா மாதிரி, ரெண்டு சொட்டு வினிகர் விட்டால் பொங்கிவிடும் என்பாள். கல்லுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாத நான்கூட ஒரு காலத்தில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அந்தப் பதிவுகளுக்கு விதை காத்தது அவள் ஒருத்திதான்.

கணக்கைத் திருப்பிக் கொடுத்தேன். அது ஒரு நிமிட வேலை. ஆனால் நம்மால் பெட்டியைக் கூப்பிட முடியாது, அதுவாக வந்து தட்ட வேண்டும். அடுத்த முறை வர ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. இந்தக் கெடுவை வைத்ததும் நான்தான். அணைத்துவிட்டுப் போட்டால் உடனே சரியாகுமா என்று அந்த அம்மா கேட்டார்.

"ஐயோ வேண்டாம்மா, தொடவே தொடாதீங்க. வருஷக்கணக்கா சுத்துற டிஸ்க்கு. நின்னுடுச்சுன்னா திரும்பக் கிளம்பாமயே போயிடும்."

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கச் சொல்லவில்லை. மறுநாள் படையலுக்கு அவர் மாவு பிசைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தாங் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நிங், அது வந்து தட்டினாலும், எடுக்குறதுக்கு ஆள் இருந்தாத்தான் லைட்டு மினுக்கும்."

அது எனக்கும் உறைத்தது. ரெண்டு வருடத்துக்கு முந்தைய பாடங்கள், அதிலும் இத்தனை நாள் கிடைக்காமல் இருந்தவை. யார் கேட்கப்போகிறார்கள்? நான் கேட்கிறேன் என்று சொல்லி, பூசணியின் பதிவுகளை எடுக்கும்படி என் கணினியை ஏவிவிட்டுக் காத்திருந்தேன். ஏமாற்றுக்காரர்களைக் கண்டால் ஆகாது என்று வாய் கிழியப் பேசுகிறவள், விளக்கு மினுக்க ஆள் வைத்து நாடகம் போடுகிறேனே என்று உறுத்தத்தான் செய்தது. தாங் என் குவளையில் வெந்நீர் ஊற்றிவிட்டுப் போனார்.

நேரத்துக்கு அந்த முகவரி வந்து தட்டியது. இம்முறை டிராக்கர் உள்ளே விட்டது. கேட்பவர் வரிசையில் நான் ஒருத்திதான் நிற்பேன் என்று நினைத்துத் திரையைப் பார்த்தால், எனக்கு முன்னால் ஏழு பேர். சிலருக்குப் பாதிதான் வந்திருந்தது, ஒருவருக்குக் கோப்பின் கடைசித் துண்டு மட்டும் பாக்கி. எல்லோரும் புத்தாண்டிலிருந்து கணினியை அணைக்காமல் அவளுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார்கள். தாங் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இரு இரு," என்றார் அந்த அம்மா. மாவுப் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "மினுக்குது. முன்னைவிட வேகமா மினுக்குது."

ஏழு பேர் எடுக்கிறார்கள் என்று சொன்னேன்.

"யாரு அவங்க?"

"தெரியாதும்மா. நாங்க பேரு கேக்குறதில்ல."

"அப்படி என்னத்தை எடுக்குறாங்க?"

"உங்க பொண்ணு பேசினதை. கல்லைப் பத்திப் பேசிப் பேசிப் பதிஞ்சு வச்சிருக்காங்க."

அவர் சிரித்தார். "வீட்டுல வாயே தொறக்க மாட்டா. கழுதை, இங்க வந்து பேசியிருக்கா பாரு."

உங்களுக்கும் அனுப்புகிறேன், கேளுங்கள் என்றேன். இன்றைக்கு வேண்டாம், நாளை போய்விட்டு வந்து கேட்கிறேன் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஓராண்டு விதியை அழித்தேன். கணினி வந்து தட்டுகிறவரை ஆள் உண்டு என்று அந்த இடத்தில் எழுதினேன். பிறகு எங்கள் வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தேன். உங்கள் மகள் பெயர் என்ன என்று கேட்டேன்.

"யூ ஷான்," என்றார். "அப்ப நாளைக்கு யூ ஷான்கிட்ட, ஏழு பேரு வந்திருக்காங்கன்னு சொல்லட்டுமா?"

என் திரையைப் பார்த்தேன். யூ ஷானின் பதிவில் முதல் துண்டு என் கணினிக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"எட்டுன்னு சொல்லுங்கம்மா."