மேடையிலிருந்து தெரியாத பறவை

1

இந்தக் கதை ஒரு சாக்கடையில் பிறந்தது. நாசூக்காகவும் சொல்லியிருக்கலாம். முதல் வரைவில் சொல்லிப் பார்த்தேன்:

'சூயஸ் வளைகுடாவின் பொன்னிறக் காலையில் சிறகுகளின் சங்கீதம்...'

நிறுத்திவிட்டேன். அங்கே காலையில் எழுவது சங்கீதமல்ல, நாற்றம். ஊர்க் கழிவெல்லாம் வந்து தேங்கும் குளங்கள். பறவைகளுக்கு அதுதான் விருந்து. பல் டாக்டர் நஷ்வா கிளினிக் திறக்குமுன் தொலைநோக்கியோடு அங்கே போய் நிற்பாள். கையில் ஃபூல் என்ற அவரைக்கொட்டை மசியல் வைத்த ரொட்டி. (மூக்கைப் பொத்தாமலே தின்பாள்.) வருடக்கணக்காக யாரும் ஏனென்று கேட்டதில்லை.

பிறகு சுவர் வந்தது. சாக்கடைக்குப் 'பறவைச் சொர்க்கம்' என்ற பெயர் வந்தது. பறவை நண்பர்கள் கழகம் வந்தது. அதற்குத் தலைவராக ஓய்வுபெற்ற ஜெனரல் பஹ்கத் வந்தார். பறவைகள் மட்டும் இவர்கள் எல்லாருக்கும் முன்பே வந்திருந்தன.

2

"சித்தப்பா, கதவத் திறங்க."

"உறுப்பினருக்கு மட்டுந்தாம்மா," என்றார் காவலர் அப்துரப்போ.

"உறுப்பினர் யாராச்சும் வந்தாங்களா?"

"அவங்க எங்க வர்றாங்க? நாறுதாம்."

உறுப்பினராக வேண்டுமென்றால் இரண்டு உறுப்பினர்கள் சிபாரிசு செய்ய வேண்டும். இருக்கிற உறுப்பினர்கள் எல்லாரும் ஜெனரலின் மைத்துனர்கள்.

நஷ்வா சுவரோரமாகவே நடந்தாள். சேறு காயவைக்கும் பாத்திகளுக்குப் பின்னால், சுவருக்கு அடியில் நாய்கள் பறித்த ஓட்டை இருந்தது. தவழ்ந்து நுழைந்தாள். உடனே உள்ளூர் ஆட்காட்டிகள் கூட்டமாகக் கத்தின.* கத்தாமல் ஒன்று மட்டும் நின்றது. மணல் நிறம், கறுப்புத் தொப்பி, வெள்ளைப் புருவம். கஜகஸ்தான் புல்வெளியிலிருந்து வரும் ஆட்காட்டி. உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம். அந்த ஊரில் அதுவரை ஒருவரும் கண்டதில்லை. அவள் படம் எடுத்துக்கொண்டாள்.

(* ஆள் நுழைந்தால் காட்டிக்கொடுக்கும் பறவையைக் கதைக்கு வசதியாக நான் தேர்ந்தெடுக்கவில்லை. அதுவாக வந்தது.)

3

ஜெனரல் மீது எனக்கே நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு அபத்தமான ஆளை யார் நம்புவார்கள்? ஒரு நல்ல குணம் கொடுத்துப் பார்த்தேன்: தெருப் பூனைகளுக்குச் சாப்பாடு போடுவார். போட்டார். பறவைச் சொர்க்கத்துக்குள்ளேயே கொண்டுபோய்ப் போட்டார்.

[நல்ல குணம் வாபஸ்.]

அவர் கட்டிய பார்வை மேடைக்குப் பளிங்குப் படிகள், பித்தளைக் கைப்பிடி. குளத்தைப் பார்க்க வைத்தால் விருந்தினருக்கு நாறும் என்பதால், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி கட்டச் சொல்லியிருந்தார்.

4

பறவை பார்ப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: என்ன பார்த்தாய் என்பதோடு எங்கே நின்று பார்த்தாய் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அது கணக்கில் சேராது. படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு நஷ்வாவை அழைத்திருந்த கழகக் கூட்டத்தில் ஜெனரல் அதைத்தான் கேட்டார்.

"படம் பிரமாதம் டாக்டரம்மா. எங்க நின்னு பாத்தீங்க? மேடையிலேருந்துன்னு சொல்லுங்க. அடுத்த வாரம் திறப்பு விழாவுக்கு அமைச்சர் வர்றார், அறிவிச்சிடலாம். பக்கத்துல நானும் இருந்தேன்."

"நீங்களா?"

"தலைவர் எப்பவுமே பக்கத்துலதான் இருப்பார்," என்றார் மைத்துனர் ஷவ்கி.

"மேடையிலேருந்து பாத்தா உங்க கறுப்புக் காருதான் ஜெனரல் பாஷா தெரியும்," என்றாள் நஷ்வா. " அது இங்க அடிக்கடி தென்படுற இனம்."

யாரோ இருமினார்கள். ஜெனரல் குரலைத் தணித்தார். "ஆயுளுக்கும் உறுப்பினர் ஆக்கிடறேன். வாசல் உங்களுக்குத் திறந்தே இருக்கும். மாத்திச் சொன்னீங்கன்னா, பறவையும் கணக்குல வராது, அத்துமீறிப் புகுந்தீங்கன்னு போலீசும் வரும்."

இங்கே நான் தடுமாறினேன். ஒரே ஒரு பொய், குளம் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். 'நஷ்வா தலையைக் குனிந்து...' என்று எழுதியும் விட்டேன். அந்த வாக்கியத்தில் நிற்க அவள் சம்மதிக்கவில்லை.

"சேத்துப் பாத்திக்குப் பின்னால நாய் பறிச்ச ஓட்டை," என்று எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "அதுல தவழ்ந்து போனேன். அங்க நின்னுதான் பாத்தேன். இதையே எழுதிக்குங்க. நாளைக் காலையிலயும் போவேன். பாக்கணும்னா பழைய துணி போட்டுக்கிட்டு வாங்க."

ஷவ்கி மெல்லக் கேட்டார்: "ஓட்டை எவ்ளோ பெருசும்மா?"

"தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டா போதும்."

5

முடிவுக்கு மூன்று வரைவுகள் கிடக்கின்றன.

ஜெனரல் பெயரும் பறவை பெயரும் ஒரே கல்வெட்டில். (ஜெனரலுக்குப் பிடித்த முடிவு.)

ஓட்டையைச் சிமெண்ட் பூசி அடைக்கிறார்கள், பறவை போய்விட்டது, நஷ்வா காவல் நிலைய பெஞ்சில். (பத்திரிகைகளுக்குப் பிடித்த முடிவு.)

சுவர் இடிந்து விழுகிறது, சனங்கள் ஓ என்று... (எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அங்கே ஒழுங்காகக் கட்டியிருப்பது அந்தச் சுவர் ஒன்றுதான்.)

மூன்றையும் அடித்துவிட்டேன். எழுதியது இவ்வளவே: மறுநாள் காலை. ஓட்டைக்கு வெளியே நஷ்வா, கையில் ரொட்டி. பக்கத்தில் பழைய பைஜாமாவில் ஷவ்கி, மூச்சை இழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறார். வாசலில் அப்துரப்போ சாலையையே கவனமாகப் பார்த்தபடி அவர்களுக்கு முதுகு காட்டி நிற்கிறார். தூரத்தில் போலீஸ் வண்டி திரும்புகிறது. நஷ்வா குனிகிறாள்.

பறவை இருக்கிறதா, பறந்துவிட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். நீங்களும் குனிந்து உள்ளே போங்கள். கண்டதைச் சொல்லுங்கள், எங்கே நின்று கண்டீர்கள் என்பதையும் சேர்த்து. மேடையிலிருந்து பார்த்ததாக வரும் முடிவுகளை நான் ஏற்பதில்லை.