மிதந்த கல்

வெள்ளைக்காரன் போன மறுவருஷம், ஜாவா கப்பலில் கரி அள்ளிவிட்டு ராயபுரம் திரும்பிய லூயிஸ் மூட்டையை அவிழ்த்தான். ஓட்டை ஓட்டையாக ஒரு கல் உருண்டது. தண்ணீரில் மிதக்கும் என்றான். பெண்டாட்டி இருதயம்மாள் சந்தேகத்தோடு அதை வாளித் தண்ணீரில் போட்டாள். பாழாய்ப்போனது மிதந்தது!

“எரிமலக் கல்லு இருதயம். உள்ள கொதிக்கிற கொழம்பு கஞ்சியாட்டம் தண்ணியா இருந்தா, காத்து லேசா வெளிய பூடும். கொழம்பு சும்மா வழிஞ்சு ஓடும். களியாட்டம் கெட்டியா இருந்தா, காத்து உள்ளயே மாட்டிக்கினு மலையே வெடிக்கும். இந்த ஓட்டையெல்லாம் அந்தக் காத்துதான்.”

அடுப்பில் களி பொளக்கென்று வெடித்து அவள் கையைச் சுட்டது. சரி, அதுவரை பொய்யில்லை. கல்லை எடுத்து மோந்து பார்த்தாள்.

“மல வெடிச்சது சரி. இதுல சோப்பு வாசன எப்டி வந்துச்சு? எவ கால் தேய்ச்ச கல்லுய்யா இது?”