தூக்குவாளிக் கெளுத்தி

எங்க வீட்டுக்காரக சுருளியாண்டி கையில தூண்டில் இருந்தா பெண்டாட்டி நெனப்பே இருக்காது. கூடலூர் ஆத்துல முழங்கை நீளத்துக்கு மீன் புடிச்சேம்பாக. வீட்டுக்கு வர்றது விரல் நீளம்.

எங்கண்ணன் ஒச்சாண்டிக்கு இதுல ஒரே கேலி. மாமனாருக்குத் திதி குடுக்க நாங்க தேவிபட்டினம் கிளம்புனப்ப வழிமறிச்சிருச்சு.

"மாப்ள, கடல்மீன் ஒண்ணு புடிச்சு உசுரோட கொண்டாங்க பாப்போம். செத்ததைச் சந்தையிலயே வாங்கிரலாம்ல? கொண்டாரலேன்னா உங்க தூண்டில்கம்பு எனக்கு."

இவுகளும் ரோசத்துல சரின்னுட்டாக. அது மேகமலை மூங்கிக் கம்பு. ஏழு வருசமா எண்ணெய் தடவி, என்னையவிட நல்லாப் பாத்துக்கிட்டாக. போச்சுன்னா மனுசன் தாங்க மாட்டாக.

திதி முடிஞ்ச மறுநா, தவசின்னு ஒரு மீன்புடிக்கிற அண்ணன் இவுகளை வள்ளத்துல ஏத்திக்கிட்டாரு. கழி ஊண்டித் தள்ளுற ஆழந்தான். இவுக கூடலூர்ல இருந்து டப்பாவுல மண்புழு கொண்டுபோயிருக்காக, கேளுங்க! தவசியண்ணன் சிரிச்சுக்கிட்டே எறாலைக் கோத்துக் குடுத்தாரு. கெளுத்தி ஒண்ணு சிக்குச்சு. அதோட முள்ளு குத்தி இவுக கை பொதுபொதுன்னு வீங்கிருச்சு. "ஆத்தா"ன்னு கத்துனாகளே ஒழிய மீனை விடல. நான் கரையில நின்னு வயிறு நோகச் சிரிச்சேன்.

மீனைத் தூக்குவாளியில விட்டு, மாத்தி ஊத்த ஒரு குடம் கடல்தண்ணியும் எடுத்துக்கிட்டோம். ரயில்ல மணிக்கொருக்கா அந்த வீங்குன கையாலயே மாத்துனாக. "நான் பெத்த புள்ளைகளுக்குக்கூட இப்படிப் பாக்கலையே"ன்னேன். சிரிச்சாக.

மதுரை டேசன்ல அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கையில அசந்து தூங்கிட்டாக. தண்ணியில கவிச்சை வாடை தாங்கல. நம்ம ஊருல விராலை நல்ல தண்ணியிலதான உசுரோட போட்டு வைப்போம்? பாவம் வாயில்லாச் சீவன்னு, வாளித் தண்ணி, குடத்துத் தண்ணி ரெண்டையும் கொட்டிட்டு, குழாயில நல்ல தண்ணி புடிச்சு நெறைய ஊத்தி வச்சேன்.

தேனியில எறங்கிப் பாத்தா மீன் மல்லாந்து கெடக்குது. இவுக விரலை முக்கி நாக்குல வச்சாக. என்னையப் பாத்தாக. வாளியைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு நடந்தாக. நானா சும்மா இருப்பேன்? கூடலூர் வரைக்கும் பஸ்ல, "ஒரு மீனைக் காப்பாத்தத் துப்பில்லை"ன்னு கேலி பண்ணிக்கிட்டே வந்தேன்.

வாசல்லயே நின்னுச்சு எங்கண்ணன். வாளிக்குள்ள பாத்துட்டுக் கைகொட்டிச் சிரிச்சுச்சு.

"என் தப்புதான் மச்சான்," இவுக கம்பை நீட்டுனாக. "கடல்மீனுக்கு நல்ல தண்ணி ஆகாது. தூக்கக் கலக்கத்துல ஊத்திட்டேன்."

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. "ஏண்ணே, கம்பைக் கீழ வையி! ஊத்துனது நானு!"ன்னு கத்துனேன்.

"அவ பொய் சொல்றா மச்சான். நீங்க கொண்டுபோங்க," அப்படீன்னாக, சிரிக்காம.

அண்ணன் கொண்டுதான் போச்சு. விடிஞ்சதும் நானே போயி, சண்டை போட்டுப் புடுங்கிட்டு வந்தேன். அதுல இருந்து, ஆத்துலேர்ந்து என்ன வந்தாலும் முழங்கை நீளம்னு நாந்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்.